ஜீவரத்தினம் சாரின் இடது பக்கம்

1. முதல் நாள் வணக்கம்

வேலையில் சேர்ந்த அன்று, வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு வணக்கம் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். இன்னொரு முறை சொன்னேன். அதற்கும் திரும்பவில்லை. பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று முன்பே காதில் விழுந்திருந்தது. அதனால் வந்த திமிர் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரிட்டையர் ஆகும்வரை அது குறையவும் இல்லை.

ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோச்சிக்காதம்மா. பீரங்கி பக்கத்துலயே நின்னு நின்னு ஜீவரத்தினத்துக்கு வலது காது சுத்தமா போயிடுச்சு. இங்க சேரும்போது இவ்ளோ மோசமில்ல. இப்ப எடது காதுல ஏதோ கொஞ்சம் கேக்குது. அந்தப் பக்கமா போயி, மூஞ்சியப் பாத்து, வாய நல்லாத் தொறந்து சொல்லு. ஆனா வெளிய மூச்சு வுட்டுடாத. ஆபீசுக்குத் தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

நான் போய் இடது பக்கம் நின்று, வாயைத் திறந்து வணக்கம் சொன்னேன். மனிதர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

2. தட்டிக்கு அந்தப் பக்கம்

என் நாலாம் வகுப்புக்கும் அவர் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அங்கே நடப்பது எல்லாமே எனக்குத் தெரியும். அவர் வகுப்பில் முனகுகிற பிள்ளை கிடையாது. முனகினால் சாருக்குக் கேட்காதே! பதில் தெரிந்த பிள்ளை எழுந்து, மேசைக்கு இடது பக்கம் போய் நின்று, அவர் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லும். என் வகுப்பில் வாயே திறக்காத கூச்ச சுபாவப் பிள்ளைகள், அங்கே போன சில மாதத்தில் கணீரென்று பேசின. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

வெளி ஆள் யாராவது வந்து ஏதாவது கேட்டால், முன் பெஞ்சில் இருக்கிற பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாகம் என்றால் தண்ணீர் மொண்டு கொடுப்பதுபோல அதுகளாகப் பழகிக்கொண்டன.

"ஏன் சார் இவ்ளோ கஷ்டப்படுறீங்க? பென்ஷன் வருதே, வூட்ல இருக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டீச்சர், பட்டாளத்துல நான் சுட்ட குண்டு எங்க போயி வுழுந்துச்சுன்னு ஒருநாளும் நான் பாத்ததில்ல. இங்க இன்னிக்கிச் சொல்லிக் குடுத்தா நாளைக்கே தெரிஞ்சிடுது. இத வுட்டுட்டு எங்க போவேன்?"



3. இன்ஸ்பெக்ஷன்

எழுபதுகளின் தொடக்கத்தில் புது இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்து, தோரணம் கட்டி, எல்லாம் தயார். ஜீவரத்தினம் சார் முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. ஹெட்மாஸ்டர் அவரைச் சுவரோரமாக, இன்ஸ்பெக்டர் இடது பக்கம்தான் நிற்க முடியும் என்கிற மாதிரி நிறுத்திவைத்தார். இன்ஸ்பெக்டரோ உள்ளே வந்ததும் சுற்றிக்கொண்டு பின் பெஞ்சுக்கே போய்விட்டார்.

"நம்ம ஜில்லாவுல ஓடுற பெரிய ஆறு எது?"

செல்வி என்ற பெண் எழுந்தாள். கேட்டவர் பின்னால் நிற்கிறார். அவளோ நேராக மேசைக்கு நடந்து, சாருக்கு இடது பக்கம் நின்று, அவர் முகத்தைப் பார்த்து "பா-லா-று" என்றாள். அடுத்த கேள்விக்கு அடுத்த பிள்ளையும் அப்படியே. இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார். மெதுவாக முன்னால் வந்து, சுவருக்கும் சாருக்கும் நடுவில் நுழைந்து, அவருடைய வலது தோளுக்குப் பின்னால் நின்று, தணிந்த குரலில் கேட்டார்.

"எத்தனை வருஷ சர்வீஸ் உங்களுக்கு?"

சார் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். நான் தட்டியை ஒட்டி வந்து நின்றேன். அதற்குள் செல்வி வாயைப் பெரிதாகத் திறந்து, "எத்-தினி வரு-சம் சர்-வீ-சு சார்?" என்றாள். அவள் ஆரம்பித்ததும் வகுப்பே சேர்ந்து கத்தியது.

சார் சட்டென்று திரும்பி, அட்டென்ஷனில் நின்று, பட்டாளத்தையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே கணக்குச் சொன்னார். ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. போகும்போது ஹெட்மாஸ்டரிடம், "புள்ளைங்க எவ்ளோ தெளிவாப் பேசுதுங்க! ஆனா பாத்துட்டுப் பாக்காத மாதிரி என்னால போக முடியாதே சார்" என்றார். மெட்ராஸில் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று ஆர்டர் வந்தது.

4. அவர் கேட்டுக்கொண்டது

கடைசி நாளில் பிள்ளைகள் அழுதன. முழங்கால் வலி, சைக்கிள் மிதிக்க முடியவில்லை என்று அவர்களிடம் சொன்னார். பிறகு தட்டிக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"டீச்சர், இது எதனாலன்னு பசங்களுக்கு எப்பவும் தெரியக்கூடாது. உதவி பண்ணா கெடுதல் வரும்னு மனசுல தங்கிடும். அப்புறம் நான் சொல்லிக் குடுத்தது எல்லாம் வீணாப்போயிடும்."

நானும் ஹெட்மாஸ்டரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் தங்கை வீட்டோடு அவர் தங்கிவிட்டார். எப்போதாவது சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பார்ப்பேன். முகம் வாடித்தான் இருக்கும். பழைய மாணவன் யாராவது இடது பக்கம் போய் நின்று பேசினால் மலர்ந்துவிடும்.

எண்பதுகளில், ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டம் போனேன். அம்பத்தூர் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து யூனிபாரத்தோடே வந்திருந்தார்கள், சாரிடம் படித்த பையன்கள். செல்வி கைக்குழந்தையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கி நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா சாருக்கு வேல போயிருக்காது இல்ல, டீச்சர்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு சொன்னாங்க உனக்கு?"

"வயசு வந்தா புரியாதா டீச்சர்? கல்யாணத்துக்கு முன்னாடி அவராண்டயே போயி அழுதேன். 'போடி பைத்தியம், நீ சொன்னதாலதான் அந்தாளு இன்னா கேட்டாருன்னே எனக்குத் தெரிஞ்சுது. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வந்தேன். இல்லனா திருதிருன்னு முழிச்சிகினு நின்னிருப்பேன்'னு சொன்னாரு."

 அழுதேன். இப்போது இதை எழுதும்போதும் அழுகிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிற டீச்சர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஒரு பிள்ளை செய்த காரியம் உங்களுக்குக் கெடுதலாக முடியலாம். அது எந்த மனசோடு செய்தது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். சார் அப்படித்தான் பார்த்தார்.

பெட்டியைக் குழியில் இறக்கியதும் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் குழி வெட்டினவர் சத்தம் போட்டார்.

"இன்னாபா, அல்லாரும் ஒரே பக்கமா நின்னுகினு போட்டா எப்டி? அந்தாண்ட காலியா கீது பாரு. அப்டிக்கா போங்க."

அப்போதுதான் கவனித்தேன். அத்தனை பேரும் சாருடைய இடது பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். குழி வெட்டினவர் சொன்ன பிறகும் யாரும் நகரவில்லை. நானும் அங்கிருந்தே என் பிடி மண்ணைப் போட்டேன். போடும்போது, முதல் நாள் சொன்ன மாதிரி, வாயை நன்றாகத் திறந்து, "வணக்கம் சார்" என்றேன்.