சிகிரியாவின் அடிவாரத்தில் சோறாக்கியவர்கள்

எழுபதுகளின் கடைசியில், கல்முனையில் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து சிகிரியாவுக்குச் சுற்றுலா போனோம். அந்த மலை உச்சியில் ஒருதரம் நின்றுவிட வேண்டும் என்று, சாப்பிடாமல் அடம்பிடித்து வாப்பாவிடம் அனுமதி வாங்கியவள் நான்.

சிகிரியாவின் கதை எனக்குத் தலைகீழ்ப் பாடம். தகப்பனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த ஓர் அரசன், சகோதரன் படையோடு வருவான் என்ற பயத்தில் அந்தப் பாறைமேல் அரண்மனை கட்டினான். செங்கல்லில் பெரிய சிங்கம் ஒன்று. அந்தக் காலத்தில் அதன் வாய்க்குள் புகுந்துதான் உச்சிக்கு ஏற வேண்டியிருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது பாதங்கள் மட்டும். வழியில் பாறைக் குடைவில் மேலாடையில்லாத பெண்களின் ஓவியங்கள். பக்கத்தில் பளபளப்பான நெடுஞ்சுவர். பார்க்க வந்தவர்கள் பல நூறு வருடங்களாக அதில் பாட்டெழுதிப் போயிருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. அந்தச் சுவரையும் நான் கிட்ட நின்று பார்க்க ஆசைப்பட்டேன்.

எங்கள் ஊர்ச் சுற்றுலாவில் கடைச் சாப்பாடு கிடையாது. ஹலாலா இல்லையா என்று அங்கே யாரிடம் கேட்பது? பஸ்ஸின் மேலே சட்டியும் விறகும், சீட்டுக்கடியில் கால் கட்டிய கோழிகளும் கூடவே வரும். பஸ் நின்றதும் கூட வந்த ஆசிரியர்களில் ஒரு சேர் பிஸ்மில்லாச் சொல்லிக் கோழிகளை அறுத்தார். பொறுப்பாக வந்த பெரிய சேர் எங்கள் பக்கம் திரும்பினார்.

“பொம்புளப் புள்ளையளெல்லாம் கீழ நில்லுங்க. எல்லாரும் ஏறினா சோறாக்கிற ஆரு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மேல கீறி வெச்சிருக்கிறதெல்லாம் பொம்புளையள்தானே, சேர்?”

“அதுகள்ற கோலத்துக்குத்தான் போக வாணாங்கிறன், மகள்.”

பொடியன்கள் பார்த்தால் மட்டும் பரவாயில்லையாம்! இது என்ன நியாயம்? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவர்கள் கும்மாளமிட்டுக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் அடுப்பு மூட்டினோம். நான் அழுததை எல்லோரும் வெங்காயத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். இறங்கி வந்தவர்கள், பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றிக் கூட்டமாகக் குந்தினார்கள். மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோற்றில் உப்புக் குறைவு என்றார்கள்.

இப்போது என் மகன், “வேன் பிடிச்சித் தாறன், போய் ஏறிட்டு வாங்க உம்மா” என்கிறான். முழங்கால் தேய்ந்து, வீட்டு வாசற்படியே எனக்கு மலையாகிவிட்டது. அன்று எனக்குப் பதினைந்து வயது. ஓடியே ஏறியிருப்பேன்.