சும்மா கிடைத்த டிக்கெட்

"சும்மா கிடைச்ச டிக்கெட்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடும். கல்யாணம் முடிந்து மூன்று வருசமாகப் போகிறது. வகுப்பில் பிள்ளைகள் ஒரே கணக்கை ஏழாம் தடவை பிழையாகச் செய்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை. புருஷனின் தாய், என் மாமி, அதைச் சொன்னார், அவருடைய இளைய தங்கச்சி, என் மச்சாள், சொன்னாள், பாடசாலையில் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே நாலு பேர் சொன்னார்கள். அந்த டிக்கெட் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கல்யாணத்தின்போது எனக்கு வயது முப்பத்தைந்து. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் புருஷனுக்கு முப்பத்தொன்பது, களுதாவளைக்காரர். வளைகுடா நகரம் ஒன்றில் பன்னிரண்டு வருசம் ஏசி திருத்தினார். நகரத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வரும். ஏன் இவ்வளவு காலம் கல்யாணம் செய்யாமல் இருந்தார் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் கேட்க மாட்டார்கள். இங்கே வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடிக்கும்வரை அண்ணன்காரன் தன் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்க ஏலாது. அவருக்கு இரண்டு தங்கச்சி. இரண்டு வீடு கட்டினார். இரண்டாவதற்கு பல்கனியும் உண்டு. இரண்டிலும் அவருக்கென்று ஓர் அறை இல்லை. லீவில் வந்தால் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தார்.

என் வீட்டுக்கு அவர் ஒரே ஒரு சூட்கேசோடு வந்தார். உள்ளே நாலைந்து சேட், ஒரு சாரன், திருப்புளி செட் ஒன்று, ஒரு பச்சை பிளாஸ்டிக் கார்ட். அவர் பெயரில் இந்த உலகத்தில் இருந்த ஒரே சொத்து அந்தக் கார்டில் சேர்ந்திருந்த விமானப் பொயின்ட்ஸ்தான்.

எங்கள் கல்யாணப் பேச்சு முடிவாகி, தங்கச்சிமாரின் வீட்டுக் கடன் அடையும்வரை காத்திருந்த காலத்தில் ஒருநாள் போனில் நான் விளையாட்டாகச் சொன்னேன், எனக்குப் பனி கொட்டுகிறதைப் பார்க்க ஆசை என்று. அந்த வாரமே அவர் வங்கிக்குப் போய் அந்தக் கார்டை எடுத்திருக்கிறார். அதைக் கொடுத்துச் சாமான் வாங்கினால் பொயின்ட்ஸ் விழும், சேர்ந்த பொயின்ட்ஸை விமான டிக்கெட்டாக மாற்றலாம். ஆனால் அவருக்கு வாங்க என்ன இருக்கிறது? சம்பளம் வந்த கையோடு ஊருக்குப் போய்விடும். அதனால் தொழிலாளர் முகாமில் கூட இருந்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். ஏறாவூர்க்காரர், ஓட்டமாவடிக்காரர், நேபாளத்துக்காரர் என்று ஓர் அறையில் பத்துப் பேர். ஒருவருக்கு போன், ஒருவருக்கு ஊருக்கு டிக்கெட், ஒருவருக்கு மகளின் கல்யாணத்துக்குச் சங்கிலி. அவர்கள் காசைக் கையில் கொடுப்பார்கள், இவர் கூடப் போய்க் கடையில் கார்டைக் கொடுப்பார். வேலை இல்லாத நாள் வெள்ளிக்கிழமை ஒன்றுதான். மற்றவர்கள் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில் இவர் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றார், யாரோ ஒருவரின் போனுக்காக. மூன்று வருசம். இதைத்தான் சும்மா என்கிறார்கள்.

எங்கள் ஊரில் தேன்நிலவு என்றால் வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போவது. பொண்ணும் மாப்பிள்ளையும் பின் சீற்றில் நெருக்கி இருப்பார்கள். முன்னால் மாமியார், சித்தி, அவருடைய பிள்ளைகள், புளிச்சோற்றுச் சட்டி. எனக்கு அது வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போவோம், பனி இருக்கிற ஒரு நாட்டுக்கு. அதற்குப் பொயின்ட்ஸ் போதும் என்று அவர் பார்த்து வைத்திருந்தார்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் கால்மாறிப் போனோம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரையும் அழைத்துச் சோறு கொடுக்கிற சடங்கு அது. சாப்பிட்ட பிறகு அவர் சந்தோசத்தில் போனை எடுத்துப் பனி மலைப் படங்களை எல்லோருக்கும் காட்டினார். மனுசன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் சந்தோசத்தைப் பற்றிப் பேசினார், அதுவும் பிழையான இடத்தில்.

"இதென்ன மனே, காசு கட்டாமலா போற?" என்று மாமி கேட்டார்.

"ஓம் அம்மா. பொயின்ட்ஸ்ல."

"அப்ப சும்மாவா?"

அவர் சிரித்துக்கொண்டு "ஓம்" என்றார். அந்த ஒரு ஓம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

இளைய மச்சாள் சாப்பிட்ட பீங்கான்களை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அவளுடைய புருஷனுக்கும் அதே நகரத்தில் வேலை சரிவந்திருந்தது. விசா வந்துவிட்டது, டிக்கெட் யார் போடுவது என்பதுதான் இழுபறி.

"அண்ணா, சும்மா கிடக்கிறத அவருக்குக் குடுத்தா என்ன? நீங்க நுவரெலியாக்குப் போங்களன். அங்கயும் குளிர்தானே."

"பனியப் பாத்து என்ன செய்யிற?" என்றார் மாமி. "தடிமன்தான் வரும்."

நான் புருஷன் முகத்தைப் பார்த்தேன். ஏலாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் "பாப்பம்" என்றார். பன்னிரண்டு வருசமாக அந்த வீட்டில் அவர் சொல்லிப் பழகியது அந்தச் சொல்லைத்தான். அதற்கு அர்த்தம் சரி, எடுங்கள் என்பது.

திரும்பி வரும்போது மண்முனைப் பாலத்தில் மோட்டார்சைக்கிளை நிறுத்தச் சொன்னேன். காற்று சாரியைப் பிடித்து இழுத்தது. புதுப்பெண் நடுப்பாலத்தில் நின்று புருஷனை ஏசுவதைப் பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

"வெள்ளிக்கிழமையெல்லாம் வெயிலுக்க நிண்டத ஏன் நீங்க சொல்லல்ல?"

"அதெல்லாம் சொல்லிக் காட்டுறதா புள்ள" என்றார்.

அவர் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. நான் கேட்டால் தலையைச் சொறிவார், மாமி கேட்டால் பாப்பம் என்பார். கடைசியில் மச்சாளின் புருஷனுக்குக் கம்பனியே டிக்கெட் அனுப்பிவிட்டது. அவர் அந்த நகரத்துக்குப் போய் வேலையில் சேர்ந்தார். மாமி வீட்டில் ஒருவரும் எங்களிடம் வந்து, சரி, இனி நீங்கள் போங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

நாங்கள் டிக்கெட் போட உட்கார்ந்தபோது பொயின்ட்ஸில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. அவர் போனை அணைத்துத் திறந்து பார்த்தார். மறுபடியும் இல்லை. கார்ட் கம்பனிக்கு அழைத்தோம். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள், பிறகு ஒரு பெண் வந்தாள். பழைய பொயின்ட்ஸ் காலாவதியாகிவிட்டது, மூன்று வருசம்தான் ஆயுள், முதல் வருசத்தில் சேர்ந்தது மொத்தமாகக் கழிந்துவிட்டது, முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பினோம் என்றாள். அந்த மின்னஞ்சல் போனது அவருடைய வேலைத்தல விலாசத்துக்கு. கல்யாணத்துக்காக வேலையை விட்ட அன்றே அதை அவர்கள் பூட்டிவிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "தேங்க்யூ மேடம்" என்றார். எனக்குப் போனைப் பறித்து எறியலாம் போல இருந்தது. எங்கள் வீட்டு மூட்டை நெல்லை எலி தின்றால் எலி என்றாவது தெரியும். இவர்கள் தின்றுவிட்டு நன்றியும் வாங்கிக்கொள்கிறார்கள்.

மிஞ்சிய பொயின்ட்ஸுக்குப் பனி நாடு ஒன்றும் இல்லை. இரண்டு பேர் போய்வரவும் மூன்று நாள் ஹோட்டலில் தங்கவும் ஒரே ஓர் ஊருக்குத்தான் போதுமாக இருந்தது. அவர் வேலை செய்த அதே ஊர். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"விடுவம் புள்ள. அங்க பாக்க என்ன இரிக்கி."

"போறம்" என்றேன். "நீங்க அங்க ஒருநாளும் விருந்தாளியாப் போகல்லத்தானே. ஒருக்காப் போவம்."

அதற்குப் பிறகு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பனி போனால் போகட்டும். இந்த மனுசன் மூன்று நாளாவது அந்த ஊரில் விருந்தாளியாக இருக்க வேண்டும். கல்விக் கந்தோரில் வெளிநாடு போக லீவு கேட்கப் போனபோது எழுதுவினைஞர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "கலியாணத்துக்கும் லீவு, இதுக்கும் லீவா டீச்சர்" என்றார். ஓம் என்றேன். வேறு விளக்கம் கொடுக்கவில்லை.

காலையில் போய் இறங்கினோம். விமான நிலையத்தில் அவர் வேறு ஆளாக இருந்தார். எந்த வரிசை, எந்தப் படி, எங்கே தண்ணீர், எல்லாம் தெரியும். டாக்ஸி வேண்டாம் என்று பஸ்ஸில் கூட்டிப்போனார். வெயில் தலையில் இறங்கியது. ஹோட்டல் தூரத்திலேயே தெரிந்தது, மேலிருந்து கீழ்வரை கண்ணாடி. அங்கே எட்டு மாடிக்கு ஏசி பார்த்தது நான்தான் என்று சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இரண்டு சூட்கேசையும் தானே தூக்கிக்கொண்டு விறுவிறென்று முன்னால் நடந்தார்.

மூலையில் திரும்பினார். நான் பின்னால் போனேன். ஒரு சந்து. குப்பைத் தொட்டிகள், சலவைக்கூடத்து ஆவி, நீலச் சட்டை போட்ட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஓர் இரும்பு கேட். அவருடைய கை தானாகக் கழுத்துக்குப் போனது, அங்கே தொங்குகிற அட்டையைத் தேடி. கேட் காவலாளி அவரை அடையாளம் கண்டு சிரித்தான். வேலைக்கு வருகிறவர்கள் பெயர் எழுதுகிற கொப்பியைத் திருப்பி வைத்துப் பேனையை நீட்டினான். இவரும் சிரித்துக்கொண்டு வாங்கிப் பெயரை எழுதினார். நேரம் எழுதுகிற கட்டத்துக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கல்யாணச் சாரிகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு அந்தக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

பன்னிரண்டு வருசத்தில் அந்த ஊரில் வேலை பார்த்த ஒரு கட்டடத்துக்குள்ளும் அவர் முன்பக்கத்தால் போனதில்லை. கால் பழகிய பக்கம் போய்விட்டது. எனக்கு அவர்மேல் கோபமில்லை. யார்மேல் என்று சொல்லவும் தெரியவில்லை. பேனையை அவர் கையிலிருந்து வாங்கிக் கொப்பியின்மேல் வைத்தேன்.

"முன்னால போவம்."

"அங்கால விடமாட்டானுகள் புள்ள."

"நாம தங்க வந்த ஆக்கள்" என்றேன்.

வெயிலில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடந்தோம். முன்னால் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. மேசையில் இருந்த பெண் அவரைப் பார்த்தாள், சூட்கேசைப் பார்த்தாள், வேலைக்காரரின் வாசல் பின்பக்கம் என்றாள். அவர் "சொறி மேடம்" என்றார். எதற்கு மன்னிப்பு? நான் பதிவுத் தாளை அவள் முன்னால் வைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இவர்தான் அறை எடுத்தவர் என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு முகம் மாறி, ஐயா, வாருங்கள் என்றாள். இரண்டு கிளாஸில் பேரீச்சம்பழச் சர்பத் வந்தது. அவர் குடித்து முடித்த கிளாசைக் கழுவ இடம் தேடுவதுபோலச் சுற்றிப் பார்த்தார். நான் அதை வாங்கி மேசையில் வைத்தேன்.

அறையில் கட்டில் விளிம்பில் இருந்து ஏசியைக் காது கொடுத்துக் கேட்டார். பில்டர் அடைத்திருக்கிறது, கொஞ்சம் கழற்றிப் பார்க்கட்டா என்றார். கை வைக்கக் கூடாது என்றேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் அந்தி வரைக்கும் தூங்கினார். நான் எழுப்பவில்லை. பக்கத்தில் இருந்து அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தேன்நிலவில் எனக்குப் பிடித்த பொழுது அதுதான்.

ஊருக்கு வந்து அடுத்த வாரம் மாமி வீட்டில் சாப்பாடு. "சும்மா போய்ச் சும்மா வந்திட்டீங்க" என்று மாமி மீன் குழம்பை ஊற்றினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்போது இளைய மச்சாள் சந்தோசமாகச் சொன்னாள்.

"மச்சாள், எங்கட அவரும் ஒரு கார்ட் எடுத்திட்டாராம். பொயின்ட்ஸ் சேருதாம். பெரிய கண்ணாடி ஹோட்டல் ஒண்டுலதான் வேலையாம். வெள்ளிக்கிழமையில கோல் எடுத்தாத்தான் ஆளப் பிடிக்க ஏலா. எங்கயோ வெளியில நிக்கிறன் எண்டுறார்."

என் கைச்சோறு பீங்கானில் விழுந்தது. அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். இந்தமுறை நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வெயிலைச் சொன்னேன், யார் யாருடையவோ போனைச் சொன்னேன், சந்துக்குள் போனதைச் சொன்னேன், இரும்பு கேட்டைச் சொன்னேன், கொப்பியில் அவர் பெயர் எழுதியதைச் சொன்னேன். என் சத்தம் பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும். மாமி கரண்டியோடு நின்றார். என் புருஷன் என்னைத் தடுக்கவில்லை.

மச்சாள் அண்ணனைத்தான் பார்த்தாள்.

"அவரும் பின்னாலதான் போறாரா அண்ணா?"

எப்போதும்போலப் பாப்பம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஓம் தங்கச்சி" என்றார்.