பூவாயி தனக்கென்று பொறுக்கிய கொட்டை

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் காபிக் கொட்டை பொறுக்கியவள் பூவாயி. நல்லது ஒரு பக்கம். உடைந்தது, கருத்தது, பூச்சி அரித்தது இன்னொரு பக்கம். நல்லதெல்லாம் மூட்டையாகி லாரி ஏறிவிடும். கழித்ததில் ஒரு படி வீட்டுக்கு வரும். அதைத்தான் சிக்கரி கலந்து குடும்பமே குடித்தது. நல்ல கொட்டையின் ருசி எப்படி என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் தட்டில் வைத்து நீட்டியிருப்பார்களா?

வேலையை விட்டு நின்ற பிறகுதான் ஆசை வந்தது. வீட்டுக்குப் பின்னால் அவள் நட்ட இருபது செடியும் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருந்தன. பழத்தைப் பறித்துக் காயவைத்துக் கொட்டை எடுத்திருந்தாள். சேலத்தில் காபிக் கடையில் வேலை செய்யும் மகள் சிவரஞ்சனி, எஸ்பிரஸ்ஸோ போடும் சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுக்குச் சிக்கரி ஆகாதுங்கம்மா. கெட்ட கொட்டை இருந்தா காட்டிக் குடுத்துரும். பொறுக்கி, வறுத்து, ஒரு வாரம் ஆற வெச்சிருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து போட்டுத் தர்றனுங்க."

"நான் வெச்ச செடியில ஒருக்கா நல்ல காபி குடிச்சுப் பாத்தரோணும் கண்ணு," என்றாள் பூவாயி.

மறுநாள் காலை முறத்தோடு வாசலில் உட்கார்ந்தாள். மூடுபனி இறங்கி முதலில் வேலியை மறைத்தது, பிறகு சில்வர் ஓக் மரங்களை. விரல்கள் தம் பாட்டுக்கு ஓடின. கொட்டைகள் உரசும் சத்தத்தில் மனசு எங்கேயோ போய்விட்டது. காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்த தோட்டத்தில், எப்போதோ போய்ச் சேர்ந்த புருஷனோடு நடந்துகொண்டிருந்தாள். அவன் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் வந்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. பனி விலகியபோது வேலை முடிந்திருந்தது. அதே மயக்கத்தில் வாணலியில் வறுத்து டப்பாவில் மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை, மகளின் பஸ் வருவதற்குள் கொட்டையை அரைத்தும் வைத்துவிட்டாள். சிவரஞ்சனி வந்து போட்டதும் மெஷின் முனகிக்கொண்டு கால் டம்ளர் கறுப்புக் காபியைச் சொட்டியது. பூவாயி கண்ணை மூடிக் குடித்தாள்.

"நம்மூட்டுக் காபியாட்டமேதான் இருக்குது கண்ணு."

சிவரஞ்சனி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்தக் கொட்டையப் போட்டீங்கம்மா?"

பூவாயி உள்ளே போய்ப் பார்த்தாள். மகளும் பின்னாலேயே வந்தாள். மூலையில் சாக்கு ஒன்று, லாரிக்குக் கட்டுவது போல வாய் இறுகக் கட்டி நின்றது. பொறுக்கிய நல்ல கொட்டை அத்தனையும் அதில் இருந்தது.

"இத யாருக்குங்கம்மா கட்டி வெச்சீங்க?"

பூவாயிக்கு அழுகை வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் குடிப்பேன்னு கைக்குத் தெரியலையே கண்ணு," என்று சொல்லி, கத்தியை எடுத்துச் சாக்கின் கட்டை அறுத்தாள்.