அளவு நாடா அக்கா

வளைகுடாவில், முசஃபா என்ற தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்தபோது கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கேதான் அந்த டயட்டீஷியன் அக்காவைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். தடித்த கண்ணாடி, வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு அளவு நாடா. எந்த நோயாளியிடம் வந்தாலும் முதலில் புஜத்தை அளப்பார், பிறகுதான் பேச்சு.

அன்று என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. சென்னைக்கார டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “புரோட்டீன் நார்மல். சத்துக்குறைவெல்லாம் இல்ல” என்றார்.

அக்கா என் புஜத்திலிருந்து நாடாவை எடுக்கவில்லை. “ரத்தம் மானமுள்ள ஆள், டொக்டர். வீட்டில சோறில்லையெண்டாலும் வெளியில சொல்லாது” என்றவர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, பழைய பேன்ட் இப்ப இடுப்பில நிக்குதோ?”

“இல்லக்கா. அடிபடறதுக்கு முன்னாடியே கயிறு கட்டித்தான் போட்டுட்டிருந்தேன்.”

“என்ன சாப்பிடுறனீங்கள்?”

“குப்பூஸ் ரொட்டியும் டீயும்தான். ரூம்ல ஆளுக்கொரு நாள் சமையல், ஆனா யாருக்கும் சமைக்கத் தெரியாது. என் முறை வந்தா எல்லாரும் ஹோட்டலுக்கு ஓடிருவாங்க. நான் சமைச்சது எனக்கே இறங்காது.”

டாக்டர் சிரித்துக்கொண்டே முட்டையும் பாலும் இரட்டிப்பாக எழுதினார்.

மாவுக்கட்டு பிரித்து வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் என் உடம்பு தேறியிருந்தது. அக்கா கடைசியாக ஒருமுறை அளந்து, தலையாட்டிவிட்டு நாடாவைச் சுருட்டினார். அப்போதுதான் கவனித்தேன், அவர் கை குச்சி போல இருந்தது.

“நீங்க சாப்ட்டீங்களாக்கா?”

“நான் இன்னும் டியூட்டியில, தம்பி” என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதை என்ன பதிலென்று எடுத்துக்கொள்வது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.