முன்சக்கரம் எழும்பும்போது

என் கணவரின் வலது கையை உடைத்தது அவருடைய பந்தய பைக்தான். நம்பர் பிளேட்டும் லைட்டும் இல்லாத, மண் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் தோட்டத்து மைதானத்தில் அவர் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கினார். முன்சக்கரம் நேராக மேலே எழும்பி, வண்டி அவர்மேலேயே கவிழ்ந்தது.

பஜாரில் நாங்கள் இருவரும் பஞ்சர் கடை நடத்துகிறோம். அவர் கையில் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, நான் டயர் கழற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், பைக்கை விலைக்குக் கேட்டு ஓர் ஆள் வந்தார். சீட்டில் தட்டிப் பார்த்தார், சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கணவரிடம், "நங்கிட்ட ஸ்கூட்டி எகக் அரன் தென்ன" என்றார். இதை விற்றுவிட்டு தங்கச்சிக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடு என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தாரா, தெரிந்தால்தான் என்ன என்று நினைத்தாரா, தெரியவில்லை.

கையில் இருந்த டயர் லீவரைக் கீழே வைத்தேன். "விக்குணன்னெ நே" என்றேன். விற்கப்போவதில்லை.

அந்த ஆள் போனதும் கணவர் கேட்டார்: "என்னா புள்ள, விக்கிறதுனு நாம பேசி முடிச்சதுதானே?"

"ரேஸ் மீட்டுக்குப் பேரு குடுத்தாச்சில்ல? ஒங்களுக்குப் பதிலா நான் ஓட்டுறேன்."

வீட்டில் மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆம்பளையவே தூக்கி அடிச்சிருச்சி. நீ எம்மாத்திரம்? வித்துத் தொலைங்க மொதல்ல!"

"அவர தூக்கி அடிச்சதுனாலதான் மாமி, எப்புடி அடிக்குதுனு பார்க்கப் போறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை மைதானத்துக்குக் கொண்டுபோனோம். கடைக்குச் சாமான் எடுக்கச் சின்ன பைக் ஓட்டிப் பழகியவள் நான். அந்தத் தைரியத்தில் ஏறி, கிளட்சை விட்டு, முறுக்கினேன். வண்டி எனக்கு அடியிலிருந்து ஓடியது. பின்னால் சரிந்த உடம்பைக் காப்பாற்ற ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கினேன். தொங்கத் தொங்க வலது மணிக்கட்டு தானாகவே மடங்கி, ஆக்ஸிலேட்டர் இன்னும் திறந்தது. முன்சக்கரம் என் முகத்துக்கு மேலே சுற்றியது. அடுத்த நொடி நான் சேற்றில் முதுகு படக் கிடந்தேன்.

கணவர் ஓடிவந்தார். "போதும், போதும். வா, வீட்டுக்குப் போவோம்."

"இருங்க. எனக்கு வெளங்கிருச்சி."

நிஜமாகவே விளங்கியிருந்தது. வண்டி என்னைத் தள்ளிவிடவில்லை. நான்தான் பயத்தில் அதை இன்னும் விரட்டியிருக்கிறேன். கையை நம்பித் தொங்கினால் விழத்தான் வேண்டும். அதனால் தொடையாலும் முழங்காலாலும் டேங்கை இறுக்கிப் பிடித்தேன். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, நெஞ்சை ஹேண்டிலுக்கு மேலே கொண்டுபோனேன். முழங்கையைத் தூக்கி வைத்தேன், மணிக்கட்டு மடங்காமல் இருக்க. இரண்டு விரலைக் கிளட்சின் மேலேயே வைத்துக்கொண்டேன். முறுக்குவதையும் ஒரே வெட்டில் செய்யாமல், பின்சக்கரம் மண்ணைக் கடிக்கக் கடிக்கத் திறந்தேன்.

அன்றைக்கும் விழுந்தேன். அடுத்த ஞாயிறும் விழுந்தேன். தொடை முழுக்க நீலம் பாரித்துக் கிடந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எம்பிலிப்பிட்டியவுக்கு அருகே நடந்தது அந்த மீட். கண்டர் லொறியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். பெண்களுக்குத் தனிப் பந்தயம் கிடையாது. புதியவர்களுக்கான வரிசையில், வெயிலில் வெந்த சிவப்பு மண்ணில், ஆண்களுக்கு நடுவில் நின்றேன்.

முதல் ஓட்டத்தில், சக்கரங்களுக்கு முன்னால் மறித்து நின்ற தொடக்கக் கதவு விழுந்ததும் பதற்றத்தில் எல்லாம் மறந்து போனது. முன்சக்கரம் எழும்பியது. பயந்து ஆக்ஸிலேட்டரை முழுசாக மூடினேன். சக்கரம் தடாரென்று இறங்க, வண்டி ஆடி, ஓரத்தில் சாய்ந்தேன். நிமிர்த்தி, உதைத்துக் கிளப்பி, எல்லாருக்கும் கடைசியில் வந்து சேர்ந்தேன்.

பந்தயம் நடத்துபவர்களில் ஒருவர், தமிழ் தெரிந்தவர், கணவரிடம் வந்தார். "அடுத்த ஓட்டம் வேணாம்னு எழுதிரவா? அவங்களுக்கு அடிகிடி பட்டுச்சினா…"

"வண்டி ஓட்டுறது அவ. அவகிட்டயே கேளுங்க" என்றார் கணவர்.

வந்தவர் என் பக்கம் திரும்பியபோது நான் ஹெல்மெட்டை மாட்டியிருந்தேன். "எழுதாதீங்க சேர்."

இரண்டாவது முறை கதவு விழுந்தபோது நெஞ்சு ஹேண்டிலுக்கு மேலே இருந்தது. முன்சக்கரம் ஒரு சாண் எழும்பியது. மூடவில்லை. ஆக்ஸிலேட்டரை அப்படியே வைத்துக் கிளட்சை மட்டும் விரலால் தொட்டேன். சக்கரம் மெதுவாக இறங்கி மண்ணைப் பிடித்தது. திரும்பவும் திறந்தேன். எஞ்சின் அலற, பின்சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்தது. நெளிய விட்டேன், இடுப்புக்குக் கீழே. தோள் அசையவில்லை. முதல் வளைவுக்குள் நுழைந்தபோது எனக்கு முன்னால் மூன்றே முதுகுகள்தான் தெரிந்தன.

முடிவதற்குள் இன்னும் இரண்டு பேர் என்னைத் தாண்டினார்கள். கோப்பை ஒன்றும் இல்லை. உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது. கணவர் இடக்கையால் என் ஹெல்மெட் வாரைக் கழற்ற முடியாமல் தடுமாறியபடி, "கை சரியானதும் வண்டியை எனக்குத் தருவியா?" என்று கேட்டார்.

"ஒரு மீட்டுக்கு நீங்க, ஒரு மீட்டுக்கு நான்" என்றேன். "அடுத்ததும் எனக்குத்தான். ஒங்களுக்கு இன்னும் கட்டே பிரிக்கல."