கணுக்கால் உயரத்து அடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு என்னை யாரும் அப்பாவி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு தினமும் காரை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. கோணலாக வந்ததைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் எறிவதற்குத்தான் எனக்குச் சம்பளம். போகவர இருக்கும் அந்தச் சாலை எனக்கு உயிர். வீட்டில் இருப்பவர்களும் ஆலையில் இருப்பவர்களும் என்னை ஏவ முடியாத ஒரே இடம் அந்த டிரைவர் சீட்தான்.

போன வருஷம் ஒரு மாலை, சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காரை முந்தினேன். அதில் இரண்டு ஆண்கள். பொம்பளை முந்திவிட்டாள் என்று அவர்களுக்குப் பொறுக்கவில்லை. விரட்டிக்கொண்டு வந்து குறுக்கே நிறுத்தினார்கள். ஓட்டியவன் இறங்கி வந்து என் பக்கத்து சைடு மிரர் கண்ணாடியைக் காலால் உதைத்து உடைத்தான். பிறகு ஜன்னலில் ஓங்கி ஓங்கி அறைந்தான். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என்று மூன்று மொழியிலும் திட்டினான். இந்தப் பக்கத்தில் பிறந்தவளாதலால் எனக்கு மூன்றும் புரிந்தது.

"வண்டி நம்பர் பாத்துகினேன். நாளைக்கும் இதே ரோட்லதான வருவ?" என்றான்.

கால் நடுங்கி கிளட்சை அழுத்த முடியவில்லை. அந்த நடுக்கத்தை இன்றுவரை நான் அவனுக்கு மன்னிக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் கணவர் மாங்கூழ் ஆலையில் மேலாளர். பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். வீட்டில் கை நீட்டும் பழக்கமும் உண்டு. தினமும் இல்லை. ஆனால் அந்தக் கை எப்போது எழும் என்று கணக்குப் பார்த்தே நான் பல வருஷம் பேசியிருக்கிறேன்.

"வேலைய விட்டுடு. இல்ல கம்பெனி பஸ்ல போ. காரத் தொடாத" என்றார்.

"என் ஷிப்டுக்கு பஸ் இல்லைன்னு தெரியும் இல்ல?"

"அப்ப விட்டுடுன்னுதான சொல்றன்."

தலைகீழாக நின்றாலும் விட மாட்டேன் என்றேன். அன்றைக்குக் கை எழவில்லை. எழுந்திருந்தால் எனக்கும் ஏதோ எழுந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக போனை எடுத்து ஆன்லைனில் ஒரு கோல்ஃப் மட்டை வாங்கினார். செட் இல்லை, ஒற்றை மட்டை. செவன் அயர்ன் என்று போட்டிருந்தது.

"ஹாக்கி ஸ்டிக் வச்சிருந்தா போலீஸ்காரன் எறக்கி விசாரிப்பான். கோல்ஃப் ஸ்டிக் வச்சிருந்தா சார்னு சலாம் வைப்பான்" என்று விளக்கம் வேறு.

வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளை நானும் படித்தேன். சீட்டுக்கு அடியில் வைக்கக் கச்சிதம் என்று ஒருவர். தெருநாய்க்கு நல்ல மருந்து என்று இன்னொருவர். வாட்ச்மேனுக்கு வாங்கிக் கொடுத்தோம், அடுக்ககத்தில் திருட்டு நின்றுவிட்டது என்று ஒரு சங்கச் செயலாளர். பந்து என்ற சொல்லை அதில் எங்கும் காணோம்.

மட்டை நீளப் பெட்டியில் வந்தது. கையில் எடுத்ததும் பழக்கத்தில் காதோரம் வைத்து ஆட்டினேன். டக் என்றது. மட்டையின் இரும்புத் தலை, தண்டோடு சேரும் கழுத்தில் சரியாக உட்காரவில்லை. எங்கள் ஆலையாக இருந்தால் நேராகச் சிவப்புப் பெட்டிதான்.

"ஆடுது" என்றேன்.

"நீ ஒருத்தி, சோறு போட்டாலும் கல் தேடுவ" என்றார்.

ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டி, கோல்ஃப் பந்து அடித்துப் பழக ஒரு வலைகட்டிய மைதானம் இருக்கிறது. வெளிநாட்டு மேலதிகாரிகளும், அவர்களுக்குப் பிடித்தவர்களாக ஆகப் பார்க்கிற நம் ஊர் அதிகாரிகளும் வருவார்கள். அங்கே ஒரு பயிற்சியாளர். மட்டையும் விற்பார். ஒட்டிக் கொடுப்பாரா என்று கேட்க ஷிப்ட் முடிந்து போனேன்.

அவர் மட்டையை வாங்கி ஒரு ஆட்டு ஆட்டினார். முகம் புளித்துப்போனது.

"ஆன்லைனா? இங்க வந்து புடிச்சுப் பாப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போன்ல வாங்குவாங்க. ஒட்றதுக்கு மட்டும் நான் வேணும். பேடா மேடம், வேணாம், இத ஒட்டினா என் பேரு கெட்டுடும்."

பிறகு பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. பெங்களூரில் பெரிய பெரிய எம்.டி.க்கள் எல்லாம் தன்னிடம்தான் வாங்குகிறார்கள் என்றார். முழு செட், பை, ஷூ, தொப்பி, கையுறை என்று என் தலையில் ஒரு கடையையே கட்டப் பார்த்தார். நான் ஒன்றுதான் வேண்டும் என்றேன்.

"ஒண்ண வச்சு எத அடிக்கப் போறீங்க?"

"ஆளை."

ஆன்லைனில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இவர் கேட்டார், நானும் உள்ளதைச் சொன்னேன். கண்ணாடி உடைந்த கதையையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆளை அடிக்கிறதுக்கு நான் விக்க மாட்டன். பந்து அடிக்கக் கத்துக்கினா விக்கிறன்" என்றார். நல்லவர் என்பதால் அல்ல. பயிற்சிக் கட்டணமும் சேர்ந்து வருமே என்றுதான். சரி, கற்றுக்கொள்கிறேன் என்றேன். கிளம்பும்போது நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தொங்கும் கையின் மணிக்கட்டிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்தார். பழைய மட்டை ஒன்றைத் தண்டு குறைத்து, புதுப் பிடி போட்டு, மறுவாரம் கையில் கொடுத்தார். என் கைக்கு என்றே பிறந்த மாதிரி இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

ஷிப்ட் முடிந்த மாலைகளில் அடித்துப் பழகினேன். கோபத்தோடு அடித்தால் பந்து போகாது என்றார் அவர். கண்ணாடியை உடைத்தவன் முகத்தை நினைத்துக்கொண்டு அடித்தேன். பந்து உருண்டு காலடியிலேயே நின்றது. அவர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு, வேலையை விட்டுவிடு என்று சொன்ன என் கணவரின் வாயை நினைத்துக்கொண்டு அடித்தேன். பந்து போய்க் கடைசி வலையில் மோதியது. கோபத்தில் தப்பில்லை, யார்மேல் என்பதில்தான் விஷயம் இருந்தது.

"தூக்கி வீசாதீங்க மேடம். கீழ பாருங்க. தரையில இருக்கிறததான் அடிக்கணும்" என்று அவர் கத்திக்கொண்டே இருப்பார். உடம்பு அந்த ஒரு வீச்சைத்தான் கற்றுக்கொண்டது.

வீட்டில் இரண்டாவது மட்டையைப் பார்த்ததும் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டிக்கடையில் பசை வாங்கி வந்து தன் மட்டையின் கழுத்தை அவரே ஒட்டினார். "எவனோ ஒருத்தன் அளந்து குடுத்ததுதான் ஒசத்தியா?" என்றார். அந்த வாரம் லீவு போட்டு, எனக்குக் காவலாகக் காரில் கூட வந்தார். மடியில் ஆன்லைன் மட்டை. என்னுடையது என் சீட்டுக்கு அடியில்.

குந்தாரப்பள்ளியில் சந்தை நாள். பாலத்தில் ஏதோ வேலை என்று வண்டிகளை எல்லாம் சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிட்டிருந்தார்கள். இருபுறமும் ஆடு ஏற்றிய வண்டிகள், நகர வழியில்லை. முதுகுக்குப் பின்னால் ஹாரன் விடாமல் அலறியது. கண்ணாடியில் பார்த்தேன். அதே வெள்ளைக் கார். ஓட்டியவன் என்னை அடையாளம் கண்டு சிரித்தபடி இறங்கினான். இன்னொருவனும் இறங்கினான்.

"ஏங்க, எறங்காதீங்க" என்றேன். அதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார்.

விறகு பிளப்பதுபோல மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கினார். ஓங்கிய வேகத்திலேயே பசை விட்டுப்போய், இரும்புத் தலை பின்னால் பறந்து ஆட்டுக்கூட்டத்தில் விழுந்தது. ஆடுகள் அலறின. அவர் கையில் வெறும் தண்டு. ஓட்டியவன் அதைப் பிடுங்கி அதாலேயே அவரை விளாசினான். முதுகில், தோளில், தடுக்கப்போன கையில். இன்னொருவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். சந்தைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். என் கணவர் கத்திய சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். அதை அதுவரை நான்தான் போட்டிருக்கிறேன்.

என் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தலைக்கு மேல் ஓங்க எனக்குத் தெரியாது. கீழே பார்த்தேன். தார்மேல் செருப்புப் போட்ட ஒரு கால். வீசினேன்.

கணுக்காலில் இறங்கியது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். ஓட்டியவன் அப்படியே சரிந்து தரையில் புரண்டான். மற்றவனைப் பார்த்தேன். அவன் சட்டையை விட்டுவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை, மட்டையைப் பார்த்தான். பிறகு கூட்டாளியை அக்குளில் பிடித்து இழுத்துக் காரில் போட்டுக்கொண்டு, முட்டி மோதி வண்டியைத் திருப்பி ஓடினான். எனக்கு இரக்கம் வரவில்லை. பாடுபட்டுச் செய்த ஒரு வேலை சரியாக வந்த திருப்திதான் வந்தது.

ரோந்து ஜீப் வந்தது. ஏட்டு என் கையைப் பார்த்தார்.

"கோல்ஃபா மேடம்? எங்க ஆடறீங்க?"

"பாகலூர் ரோட்ல சார்."

"நல்லது, நல்லது. பாத்துப் போங்க" என்று சலாம் வைத்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் கணவர் சொன்னது பலித்தது.

வீட்டில் அவர் முதுகுக்கு மருந்து தடவினேன். தண்டு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக வீங்கியிருந்தது. வலிக்குதா என்று கேட்டேன். சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். அவர்மேல் பாவமாகவும் இருந்தது, அந்த வலி என்னவென்று தெரிந்துகொள்ளட்டும் என்றும் இருந்தது.

காலையில் கார் சாவி ஆணியில் இல்லை. அவர் கையில் இருந்தது.

"இனிமே நீ போகத் தேவையில்ல. நேத்து பண்ணதே போதும்."

"சாவியக் குடுங்க."

"எதுத்தாடி பேசற?" கை எழுந்தது. எனக்குத் தெரிந்த அதே உயரத்துக்கு, தோளுக்கு மேல்.

நான் அசையவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வழக்கம் மாறி, பார்வை தானாகக் கீழே போனது. அவர் பாதங்களைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். தூக்கிய கை தூக்கியபடி நிற்க, இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மட்டை காரில்தான் இருந்தது. என் இரண்டு கையும் வெறுங்கை. அவர் சாவியை மேசையில் வைத்தார். எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.