மூன்று ஆழமுள்ள கிணறு

1. மாசியில், கெலமங்கலத்துக்கும் ராயக்கோட்டைக்கும் இடையே ஒரு சிற்றூரின் குடிநீர்க் கிணறு வற்றத் தொடங்கியது.
2. வறட்சியை எல்லாத் துறைகளும் ஒன்றுசேர்ந்து சமாளிக்கக் கூட்டுக்குழு அமைத்தார்கள்.
3. ஜீப்பில் முன் இருக்கை ஒன்றுதான் என்பதால், ஒன்றுசேர்ந்தவர்கள் தனித்தனியாகப் போனார்கள்.
4. கிணற்றில் எட்டடி தண்ணீர் என்றார் சுகாதார ஆய்வாளர். ஐந்தடி என்றார் விவசாய அலுவலர். எங்கள் ஓவர்சியருக்கு இரண்டடிதான் கிடைத்தது.
5. நான் சராசரி எடுத்தேன்.

டிப்ளமோ முடித்து ஒன்றிய அலுவலகத்தில் வரைபடம் போட வந்த புதிது. குழு கூடியபோது மூவரும் அடுத்தவருடைய அளவு நாடாவைச் சந்தேகித்தார்கள். தன் துறையை யாரும் சந்தேகிக்கவில்லை. என் ஐந்தடி எல்லோருக்கும் மரியாதையாக இருந்தது. தண்ணீர் நாலடிக்குக் கீழே போன கிணறுகளைத்தான் ஆழப்படுத்துவார்கள் என்பது அப்போது எவர் நினைவிலும் இல்லை, என் நினைவிலும்.

படத்தில் பாதைகளைக் குறிக்க அந்த ஊருக்குப் போனேன். கிணற்றடியில் முறை பார்த்துக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண்மணி விவரம் சொன்னார். இந்த வாரம் தெலுங்குத் தெரு காலையில், கன்னடத் தெரு மதியம், தமிழ்த் தெரு மாலையில் மொள்ளும். வாரம் ஒருமுறை வரிசை மாறும். மூன்று பாஷைக்காரர்கள் இதற்காகக் குழு எதுவும் அமைத்திருக்கவில்லை.

என் ஐந்தடியைச் சொன்னேன்.

“ஏம்மா, ராத்திரி ஊறுன தண்ணி காலைல நிக்கும். ரெண்டு தெரு மொண்டப்புறம் எங்களுக்குச் சேறுதான். காலைல வந்தவரு எட்டுன்னாரு, சாயங்காலம் வந்தவரு ரெண்டுன்னாரு. அத்தனையும் கூட்டி வகுத்தா என் கொடம் நெறையுமா?”

படித்தவர்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. மூவரும் போன நேரத்தை விசாரித்து ஒவ்வோர் அளவுக்கும் எதிரே எழுதி, ஒன்றிய ஆணையரிடம் நீட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

“நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா படிவத்துல நேரத்துக்குக் கட்டம் இல்லியே” என்றார்.

கட்டம் போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டுமாம். ஆழப்படுத்த வேண்டிய கிணறுகளின் பட்டியல் அன்று மாலையே போய்விட்டது.

அந்த ஊர் பட்டியலில் இல்லை. கிணற்றை ஆழப்படுத்தவில்லை. மழை வரும்வரை, மாலை முறை விழுந்த தெருப் பெண்கள் இரண்டு மைல் நடந்து ஏரிப் பள்ளத்தில் தண்ணீர் எடுத்தார்கள்.